சரியான விடைக்கு மட்டும்

கணக்கு வராதவர்கள் என்று யாரும் இல்லை, சார். கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் உண்டு. புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நேற்று நீங்கள் "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்" என்று சிரித்தபோதே சொல்லியிருப்பேன். அம்மா போன சூடு ஆறுவதற்குள் பாடம் எடுப்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நேற்று நான் எழுதிக் கொடுத்ததில் பொய் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மதியம் தங்கை போன் செய்தாள், அம்மாவின் மருந்தளவைக் கேட்டாள், நான் இன்னொரு முறை யோசிக்கச் சொன்னேன். அவ்வளவும் உண்மை. உங்கள் எழுத்தர் பக்கத்தில் இருந்தவரிடம், "பொறுப்பான மனுஷன், பாவம்" என்றார். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாதி விடையைச் சரியாக எழுதிவிட்டு மீதியை விழுங்கிவிடுகிறவனுக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு அதிக மருந்து கொடுத்துவிட்டாள் என்று என் தங்கையை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் அங்கே இருக்க வேண்டியவள் இல்லை.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்குப் பகுதியைச் சொல்லிக் கொடுக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் பயிற்சி மையம். தேர்வில் வருவதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்: சதவீதம், சராசரி, விகிதம், நிகழ்தகவு. ஆனால் கேட்கிற விதத்தில் வம்பு இருக்கும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு போட வேண்டும். போட்ட விடையை, அந்தப் பகுதி முடிவதற்குள், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் போய் மாற்றலாம். நிறையப் பேர் தெரியாமல் கெட்டுப் போவதில்லை, மாற்றித்தான் கெட்டுப் போகிறார்கள்.

என்னிடம் படித்தவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் பெரிய கட்டிடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். பிறகு ஒன்றும் வராது. நான் ஏணி, சார். ஏணியையும் தூக்கிக்கொண்டு யாரும் மேலே போவதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'நிச்சயம் சார்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் விடை சொன்னாலும், சரியோ தப்போ, நான் "நிச்சயமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பேன். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டேன். சரியாகப் போட்டவன் தன் வழியை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்து உறுதியாகிவிடுவான். தப்பாகப் போட்டவன் எங்கே சறுக்கினோம் என்று தானே கண்டுபிடிப்பான். நல்ல முறை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் பாடம் இல்லை.

என் தங்கையை வீட்டில் 'கணக்குப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவோம். அப்பா வைத்த பெயர். பஸ்ஸில் போகும்போது எதிரே வருகிற வண்டியின் எண்ணைப் பார்த்து, அது எதனால் வகுபடும் என்று வண்டி கடந்து போவதற்குள் சொல்லிவிடுவாள். நான் அதே கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, சரிதான் என்று சொல்வேன். எனக்கு வாய்த்தது உழைப்பு, அவளுக்கு வாய்த்தது கொடுப்பினை. பொறாமைப்பட்டாயா என்று கேட்பீர்கள். பட்டேன். ஆனால் இது அதனால் செய்தது இல்லை. பொறாமை இருந்தவரைக்கும் அவளை நான் ஒழுங்காகத்தான் நடத்தினேன்.

அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும், புத்தியில் ஒரு குறையும் இல்லை. இடது கை மட்டும் அசையும். தங்கை பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். ஒரே ஒரு நாள், அவளுக்குக் காய்ச்சல் என்று, நான் அம்மாவுக்குத் துணி மாற்றப் போனேன். பாதியிலேயே வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் அது அவமானமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நிலைமையில்தான் சித்தி வந்தார். அம்மாவின் கூடப் பிறந்த தங்கை, உங்கள் வராந்தாவில் பெரிய பையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். வந்தவர் சும்மா இருக்காமல் இவளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மூளையை வச்சுக்கிட்டு நாலு சுவத்துக்குள்ள என்னடி பண்றே? பரீட்சை எழுது, போய்ப் படி. அக்காவை நான் பாத்துக்கறேன். எனக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

"உங்களால முடியுமா சித்தி?"

"உன்னையும் உன் அண்ணனையும் தூக்கி வளத்தவ நான். அவளைத் தூக்க மாட்டேனா?"

அம்மா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். சந்தோஷமாக இருந்தாலும், ஏதாவது வேண்டுமென்றாலும் அப்படித்தான் தட்டுவார். அன்று சந்தோஷம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புள்ளியியலில் முதுகலை படிக்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. ரொம்பத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். "அண்ணா, கணக்கு மட்டும் நீ பாத்துக்கோ. மத்ததை நானே தேத்திடுவேன்" என்றாள். சரி என்றேன். யாராவது இல்லை என்பார்களா? முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். ஒரே ஒரு கேள்வியில்தான் விட்டிருந்தாள், அதுவும் அவசரத்தில். திருத்தி முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. பாசம், பிரிவு என்றெல்லாம் நல்ல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அது பயம்தான். சாயந்திரம் நான் கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரியும், "வந்துட்டியா" என்று ஒரு குரல் வரும். இனி அது இருக்காது. சித்தி இருப்பார்தான். ஆனால் சித்தி எந்நேரமும் டிவியைப் போட்டுவிடுவார், என் சட்டையை எப்படி மடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு கேள்வி வந்தது. 'ஒரு எண், அந்த எண்ணின் வர்க்கம், இரண்டில் எது பெரியது?' என்பது மாதிரி. பத்துக்கு வர்க்கம் நூறு, அதனால் வர்க்கம்தான் பெரியது என்று பாதிப் பேர் போடுவார்கள். எண் அரையாக இருந்தால் வர்க்கம் கால், சிறியதாகிவிடும். ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே 'சொல்ல முடியாது' என்பதுதான் விடை. கணக்குப்பிள்ளை பார்த்த மாத்திரத்தில் "சொல்ல முடியாது" என்றாள்.

"நிச்சயமா?" என்று கேட்டேன். பழக்கத்தில் வந்ததுதான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு நம்பிக்கை. "வர்க்கம் பெருசோ?" என்று இழுத்தாள். அடித்துவிட்டு அதையே எழுதினாள். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். நடந்தது இவ்வளவுதான், சார். அன்றைக்கு நான் எதையும் தீர்மானிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து, அவள் சரியாகப் போட்டால் "நிச்சயமா?" என்று கேட்டேன். தப்பாகப் போட்டால் சும்மா இருந்தேன்.

அவளுக்கு நான் ஒரு தப்பான சூத்திரம்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். திருத்தும்போதும் நேர்மையாகத்தான் திருத்தினேன். "முதல்ல சரியாத்தானே போட்டிருந்தே? ஏன் மாத்தினே?" என்று கேட்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். "உனக்குக் கணக்கு நல்லாத் தெரியும். நிதானம்தான் இல்லை" என்று ஆறுதல் சொல்வேன். பொய்யா அது? இல்லையே. அப்போது அவளுக்கு நிதானம் இல்லாமல்தான் போயிருந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவள் அம்மிகூட இல்லை.

முதல்முறை தேர்வு எழுதிவிட்டு வந்தாள். பல்கலைக்கழகம் கேட்ட மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது முறை இன்னும் குறைந்தது. மூன்றாவது முறை, தேர்வு மையத்து வாசலிலிருந்து என் கூடவே நடந்து வந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"எல்லாத்தையும் போட்டுட்டேன் அண்ணா. நேரம்கூட மிச்சம் இருந்துது. அப்புறம் முதல்லேருந்து திரும்பிப் போய் ஒவ்வொண்ணா மாத்திட்டேன்."

"ஏன்?"

"தெரியலை. உன் குரல் கேட்டுக்கிட்டே இருந்துது."

அவளுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டே அழுதாள். "நீ இவ்வளவு பாடுபட்டும் எனக்கு ஏறலையே. உன் பேரையும் கெடுக்கறேன்" என்றாள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை. அவள் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

கண்டுபிடிக்காமலே இருந்தாள் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது தேர்வுக்குப் பிறகு ஒருநாள், பென்சிலைச் சுழற்றிக்கொண்டே, "அண்ணா, ஒண்ணு கேட்டா திட்டமாட்டியே? நான் சரியாப் போட்டா மட்டும்தான் நீ கேக்கறே போலிருக்கு" என்றாள். கணக்குப்பிள்ளை என்ற பெயர் சும்மா வருமா? எனக்கு ஒரு வகையில் பெருமையாகக்கூட இருந்தது. நான் சிரித்தேன்.

"அப்படின்னா வேலை சுலபமாப் போச்சே. நான் கேட்டா மாத்தாதே. நூத்துக்கு நூறு வரணும், பாப்போம்."

அடுத்த மாதிரித் தேர்வில் அவள் தப்பாகப் போட்டவற்றுக்கெல்லாம் "நிச்சயமா?" என்று கேட்டேன். சரியானவற்றுக்குப் பேசாமல் இருந்தேன். அவள் ஒன்றையும் மாற்றவில்லை. திருத்தி நீட்டியபோது அத்தனை தப்பும் அப்படியே நின்றது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் ஒரு லூசு. பெத்த அண்ணனைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு" என்றாள். பெத்த அண்ணன் என்று யாராவது சொல்வார்களா? அவள் அப்படித்தான் சொன்னாள். அதற்கப்புறம் பழைய முறைக்கே திரும்பிவிட்டேன். நீங்கள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் செய்ததற்கெல்லாம் பழக்கம் என்று சாக்குச் சொல்லலாம்.

கண்டுபிடித்தவர் அம்மா. பாடம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நடந்தது, தங்கை ஒரு கண்ணை அங்கே வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. முதலில் அம்மா கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பார். பிறகு ஒருநாள் நான் "நிச்சயமா?" என்றதும் கம்பியைத் தட்டினார். தங்கை எழுந்து ஓடிப் போனாள். தண்ணீரா, முதுகு வலிக்கிறதா, பாத்திரம் வைக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதற்கும் அம்மா தலையை அசைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த "நிச்சயமா?"வுக்கு மறுபடியும் தட்டினார். தங்கை மறுபடியும் ஓடினாள். இப்படியே சில நாள் போயிற்று. அம்மாவின் விரல் முட்டியில் தோல் உரிந்து, தங்கை அதற்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்ட கையாலும் தட்டினார்.

"அம்மாவுக்குத் தொந்தரவா இருக்கு. நாம முன்னறைக்குப் போயிடுவோம்" என்று சொல்லிப் பாடத்தை மாற்றிவிட்டேன். கதவையும் சாத்திக்கொண்டோம். அம்மாவுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை, சார். தினமும் வகுப்புக்குப் போகும் முன்னால் அவர் நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். கடைசிச் சில மாதங்களாக, நான் தொடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வியாதிக்காரர்கள் அப்படித்தான்.

மூன்றாவது தேர்வோடு அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டுவிட்டாள்தான். தேர்வை மட்டும் இல்லை, எல்லாக் கணக்கையும் விட்டுவிட்டாள். தண்ணீர் கேன் எத்தனை நாளைக்கு வரும் என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் சொல்வாள். அம்மாவின் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து எண்ணிவிட்டு, "சரியா பாரு அண்ணா" என்று நீட்டுவாள். காலையில் இரண்டு, இரவில் ஒன்று, இதில் என்ன கணக்கு இருக்கிறது? ஆனாலும் நீட்டுவாள். நான் எண்ணிப் பார்த்து, சரி என்பேன். மருந்து விஷயத்தில் அவளிடம் நான் ஒருநாளும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. திங்கட்கிழமை வரைக்கும் கேட்டதில்லை.

இதற்கு நடுவில் சித்தி தன் ஊரிலிருந்து ஒரு புத்தகத்தை வாங்கி அனுப்பியிருக்கிறார். பின்னால் விடைகளோடு, ஒவ்வொன்றுக்கும் வழிமுறை போட்ட புத்தகம். "இந்தத் தடவை நானே தனியாப் படிச்சுப் பாக்கறேன் அண்ணா. உனக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு போடுவாள். நான் இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றேன். புத்தகத்தை மூடிவிட்டு, "சாப்பிடறியா?" என்று எழுந்துவிட்டாள். பழைய முகம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, எதிர் வீட்டு வண்டியின் எண் பதின்மூன்றால் வகுபடும் என்றாள். அம்மா கம்பியைத் தட்டினார், மெதுவாக, நான் அறைக்குள்ளேயே இருந்தும். நாளைக்கு, சனிக்கிழமை, அவளுக்குத் தேர்வு. நேற்று சித்தி வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

மதியம். மையத்தில் மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. போன் வந்ததும் வராந்தாவுக்கு வந்தேன். தங்கைதான்.

"அண்ணா, ஒரு நிமிஷம். அம்மாவோட வலி மருந்து பழைய பாட்டில் கடையில இல்லையாம், வேற குடுத்திருக்காங்க. இது நாலு மடங்கு வீரியம்னு கடைக்காரர் சொல்லித்தான் குடுத்தார். அப்போ ஒரு சிரிஞ்சுக்குப் பதிலா கால் சிரிஞ்சு வாயில விட்டா போதும், இல்ல?"

மிகச் சரி. இதற்கு எதிர் விகிதம் என்று பெயர். ஆள் கூடினால் நாள் குறையும், வீரியம் கூடினால் அளவு குறையும். கரிக்கிற உப்பாக இருந்தால் கையைச் சுருக்கிப் போட மாட்டோமா, அதுதான். அவள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே எனக்கு விடை தெரியும்.

"நிச்சயமா?" என்று கேட்டேன்.

அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் கையில் சிரிஞ்சு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள். ஏனென்றால் அந்தப் பக்கம் கட்டில் கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா அவ்வளவு வேகமாகத் தட்டி நான் கேட்டதில்லை.

"அம்மாவுக்கு வலி தாங்கலை போலிருக்கு, இந்தத் தட்டு தட்டறாங்க. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உள்ளே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்றால் ஒருத்தர் தாளை ஒருத்தர் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே போய்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கி அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் போயிருக்கவில்லை. கதவைத் திறந்ததும், "வந்துட்டியா" என்றாள். அம்மாவின் அறை நிசப்தமாக இருந்தது.

"நல்லாத் தூங்கறாங்க அண்ணா. இந்த மருந்து பரவாயில்லை, முகத்துல அந்தச் சுளிப்பே இல்லை."

"எவ்வளவு குடுத்தே?"

"மொதல்ல கால்னுதான் நெனச்சேன். நீ கேட்டதும் மறுபடி போட்டுப் பாத்தேன். நாலு மடங்குன்னா நாலு, இல்ல? நாலு சிரிஞ்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டேன்."

நான் போய் அம்மாவைப் பார்த்தேன். மூச்சு இருந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி, ஆனால் இருந்தது. ஆஸ்பத்திரி எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். தங்கை வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தப்பாகப் போட்டிருக்கும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

இதுதான் முழு விடை, சார். அம்மா அந்த நேரத்தில் பிழைத்திருக்கக் கூடியவர். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை உங்கள் டாக்டர் எழுதியிருப்பார்.

இதை இன்று காலையில் முதலில் அவளிடம்தான் சொன்னேன். உங்கள் அனுமதியோடுதான், அந்தக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் கம்பி வழியாகக் கையை விட்டு என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். "எனக்காகப் பழியை உன் தலையில இழுத்துப் போட்டுக்காதே அண்ணா. நான் மாத்தித் தொலைச்சதுக்கு நீ என்ன பண்ணுவே? எனக்கு எப்பவுமே இப்படித்தானே" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்களும் இப்போது அதே மாதிரிதான் பார்க்கிறீர்கள், தங்கையைக் காப்பாற்ற அண்ணன் கதை கட்டுகிறான் என்று. நான் வேறு எப்படிச் சொல்வேன்?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சும்மாவா சொன்னார்கள். என்மேல் எந்தச் சட்டத்தைப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டதற்கும், ஒரு வார்த்தை கேட்காததற்கும் உங்கள் புத்தகத்தில் இடம் இருக்குமா என்பது சந்தேகம்தான். இருந்தால் போடுங்கள், நான் மறுக்கவில்லை. அவளை மட்டும் விட்டுவிடுங்கள்.

விடும்போது ஒரு வேண்டுகோள். சித்தி அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொல்கிறார். நாளைக்கே தேர்வு எழுத வைப்பாராம், வீட்டு ஞாபகம் இல்லாமல் இருந்தால் தேறிவிடுவாளாம். சித்திக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மருந்தைச் சரியாக அளக்கத் தெரியாதவளை இவ்வளவு பெரிய தேர்வில் உட்கார வைப்பது பாவம் இல்லையா? அதனால் இங்கே வருவதற்கு முன்னால், அவள் தேர்வுப் பதிவை நானே ரத்து செய்துவிட்டேன். அவள் இனிமேல் தனியாக எதற்கும் முடிவெடுக்கக் கூடியவள் இல்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அவளை என்னோடு அனுப்பிவிடுங்கள், சார். அம்மாவின் அறையைக் கழுவித் துடைத்து, அவளுக்கென்று தயார் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.